பதினேழாம் பாடத்தில் அம்மை

எங்கள் கடற்கரையில் வாசிப்பு என்றால் கோயிலில் உபதேசியார் வேதம் வாசிப்பது ஒன்றுதான். அதனால் அச்சில் உள்ளதை ஒருவர் வாசித்து முடித்தால் கேட்டவர்கள் சிலுவை போட்டுக்கொள்வது வழக்கம். நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, பசுவைப் பற்றிய பாடத்தை வீட்டு முற்றத்து மணலில் இருந்து வாசித்தேன். நெத்திலி புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் பாடம் முடிந்ததும் உப்புக் கையால் நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டார்கள். எனக்கு அது சிரிப்பாக இல்லை. அச்சில் ஏறியது எல்லாம் உண்மை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முட்டத்துக்கு மேற்கே எங்கள் ஊர். அப்பன் கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போவார். அம்மை மீனை எடுத்துக்கொண்டு உள்நாட்டு ஊர்களில் விற்று வருவாள். அவளுக்குச் சிறு வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. தலையில் கடவம் என்கிற பனையோலைப் பெட்டி, வலது கையில் கம்பு, இப்படித்தான் அவள் ஆறு ஊரும் நடப்பாள். மற்றப் பெண்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேரும்போது அம்மை பாதி வழியில் இருப்பாள். ஆனாலும் அவளுக்கென்று வாடிக்கை வீடுகள் காத்திருந்தன. மீன் நன்றாக இல்லாத நாளில் அவள் கடவத்தை எடுக்கவே மாட்டாள்.

பள்ளிக்கூடம் வயல்களைத் தாண்டி உள்நாட்டில் இருந்தது. கடற்கரையிலிருந்து போனவர்கள் மூன்று பேர், அதில் பெண் நான் ஒருத்தி. முன் பெஞ்சில் வயல்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் அவளைப்போல வாசிக்க ஆள் கிடையாது. நான் பக்கத்தில் போனால் மூக்கைப் பொத்துவாள்.

“ஏட்டி, அந்தால தள்ளி இரி. ஒன்னக் கண்டா பூனை வரும்.”

நான் தள்ளி இருந்துகொள்வேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் குரல் வராது. சார் என்னை எழுப்பிவிட்டால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பேன். கொஞ்ச நாளில் அவர் என்னை எழுப்புவதையே விட்டுவிட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவர் நினைத்திருக்கலாம். வீட்டு முற்றத்தில் நான் வாசிப்பது கடல் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது.

நாலாம் வகுப்புப் புத்தகம் அம்மை மீன் கொடுக்கும் ஒரு வீட்டிலிருந்து கிடைத்தது. அட்டையும் முதல் தாளும் போய்விட்டன. அதனால் அதை எழுதியவர் யார், அச்சடித்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மைக்கு எழுத்து தெரியாது. படம் பார்ப்பாள். ஒருநாள் சாயங்காலம் முற்றத்தில் தாளைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள். கடற்கரை, கட்டுமரம், மணலில் ஒரு மீன் பெட்டி, அதன் பக்கத்தில் கம்பு ஊன்றி ஒரு பெண்.

“ஏ பிள்ளே, இது நானாக்கும்” என்றாள் அம்மை.

சின்னம்மை எட்டிப் பார்த்தாள். சின்னம்மை என்றால் அம்மையின் தங்கை. “உள்ளதாட்டே. ஒனக்க காலு புக்குல வரைக்கும் நடந்து ஏறிச்சே” என்றாள்.

“வாசி மக்கா. என்ன எழுதியிருக்குண்ணு கேப்போம்.”

அது பதினேழாம் பாடம். கடற்கரைக் காட்சி என்று தலைப்பு. ஒரு தந்தை தன் மகனைக் கடற்கரைக்கு அழைத்துப்போகிறார். அலை, சங்கு, கட்டுமரம் வரைக்கும் நன்றாகத்தான் வாசித்தேன். அதற்குப் பிறகு இப்படி இருந்தது:

“அப்பா, இங்கு வாழ்வோர் யாவர்?”

“மகனே, இவர்கள் வலைஞர். கல்வியில் நாட்டமில்லாதவர். அழுக்கும் நாற்றமும் இவர்களுக்குப் பழகிவிட்டன. ஈட்டிய பொருளைக் குடித்து அழித்துத் தம்முள் கலகம் செய்வர்.”

“அப்பா, கோலூன்றி நிற்கும் அந்த முடவி யார்?”

“முற்பிறப்பில் செய்த தீவினையால் அவள் இவ்வாறு பிறந்தாள். அவளால் யாருக்கும் பயனில்லை. நாம் இரங்கி ஒரு காசு இடுவோம். அருகில் செல்லாதே.”

என் கண் முன்னால் ஓடி இதையெல்லாம் வாசித்துவிட்டது, வாய் கட்டுமரத்தோடு நின்றுவிட்டது. ஐந்தாறு பெண்கள் கருவாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மை ஈரமில்லாத கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, படம் எடுக்க இருப்பவள்போல நேராக உட்கார்ந்திருந்தாள்.

“என்னட்டி, எழுத்து தெரியல்லியா?”

“தெரியும்” என்றேன். பிறகு வாசித்தேன். எங்கிருந்து வந்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

“அப்பா, கம்போடு நிற்கும் அந்த அம்மாள் யார்? மகனே, அவள் மீன் விற்கும் அம்மாள் ஆவாள். அதிகாலையில் எழுந்து ஆறு ஊர் நடப்பாள். அவளுக்கு ஒரு கால் சிறிது, மற்றக் கால் பெரிது. அவள் கையில் உள்ள கம்பு நாயை விரட்டுவதற்கு ஆகும். அவளுடைய மீன் ஒருநாளும் கெட்டுப்போனது கிடையாது. அவள் வராத நாளில் உள்நாட்டார்க்குச் சோறு இறங்காது.”

பாடம் என்றால் கடைசியில் ஒரு புத்திமதி இருக்க வேண்டும். அதையும் சேர்த்தேன்: “ஆகவே பிள்ளைகளே, மீன்காரரிடம் பேரம் பேசலாகாது.”

எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

“அந்தக் கம்பு காரியத்த இன்னொருக்க வாசி” என்றாள் அம்மை.

அன்றைக்கு நான்கு தடவை வாசித்தேன். மறுநாளும் கேட்டாள். ஒரு சொல் மாறினாலும் பிடித்துவிடுவாள். “நேத்து ‘அதிகாலையில்’ண்ணு வாசிச்சே, இப்ப ‘விடியுமுன்’ண்ணு வாசிக்கியே. எழுத்து ராத்திரி மாறுமா?” அதனால் நானும் அதை மனப்பாடம் செய்யவேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் அம்மைக்கு அது செபம்போல வாயில் வந்துவிட்டது.

இதில் ஒரு காரியம் உண்டு. நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிடவேண்டும் என்று சின்னம்மை சொல்லிக்கொண்டிருந்தாள். “நாலு படிச்சா மதி. இனி கடவம் எடுக்கட்டு. நொண்டிக் காலோட நீ எத்தன நாளு நடப்பே?” என்பாள். அம்மையும் அதற்குப் பாதி சம்மதித்திருந்தாள். இந்தப் பாடத்தைக் கேட்ட பிறகு பேச்சு மாறிவிட்டது.

“நம்மளப் பத்தி இப்பிடி மரியாதையாட்டு எழுதியிருக்குத புக்க படிப்பிக்கப்பட்ட பள்ளிக்கொடமாக்கும். எனக்க பிள்ளை அஞ்சும் படிக்கட்டு.”

ஆகவே என்னுடைய ஐந்தாம் வகுப்பு நான் சொன்ன பொய்யின்மேல் நின்றது. அம்மைக்கு உண்மை தெரிந்தால் அவள் மனம் என்ன பாடுபடும் என்பது ஒரு பயம். பள்ளிக்கூடம் போய்விடுமே என்பது இன்னொரு பயம். இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கம்.

அம்மையோ பாடத்தை வீட்டில் வைத்திருக்கவில்லை, கடவத்தோடு எடுத்துப்போனாள். உள்நாட்டில் யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால், “பேரம் பேசப்பிடாதுண்ணு புக்குலயே போட்டிருக்கு அம்மா” என்பாள். அவளுடைய வாடிக்கை வீடுகளில் எங்கள் சாரின் வீடும் ஒன்று. சாரின் மனைவி சிரித்துவிட்டு, அன்று சாப்பாட்டு நேரத்தில் சாரிடமே கேட்டிருக்கிறார்.

மறுநாள் சார் வகுப்புக்கு வந்ததும் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்தார். என் புத்தகத்தை வாங்கிப் பதினேழாம் பாடத்தைத் திறந்து நின்றபடியே வாசித்தார். அவர் அதைப் பல வருஷமாகப் படிப்பித்து வந்தவர்தான். ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசிப்பவர்போல அவர் முகம் இருந்தது.

“ஒனக்க அம்மைக்கு வாசிச்சுக் குடுத்தது நீயா?”

தலையாட்டினேன்.

“நீ வாசிப்பியா?”

அதற்கும் தலையாட்டினேன். அவர் புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பதினாறாம் பாடம் முடிந்ததும் பதினெட்டை எடுத்தார். வகுப்பில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பாடம் குறைந்தால் யாருக்குத்தான் நஷ்டம்.

ஆபத்து நீங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் சாரின் வீட்டில் அவருக்குச் சாப்பாடு. நல்ல நெய்மீன் ஒன்று பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவரும்படி அம்மையிடம் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இடுப்பளவுதான் சுவர், மேலே ஓலைக்கூரை. வெளியே நிற்பவருக்கு உள்ளே நடப்பது எல்லாம் தெரியும், கேட்கும். இன்ஸ்பெக்டர் நாலாம் வகுப்புக்கு வந்து, முன் பெஞ்சிலிருந்த புத்தகத்தை எடுத்து, கை போன இடத்தில் திறந்து, அந்த வயல்காரர் வீட்டுப் பெண்ணிடம் நீட்டினார்.

“இத வாசி பாப்போம்.”

அவள் எழுந்து, “பாடம் பதினேழு. கடற்கரைக் காட்சி” என்றாள்.

சார் நெற்றியைத் துடைத்தார். எடுக்காத பாடம் என்பதால் அவள் கொஞ்சம் தட்டித்தட்டித்தான் வாசித்தாள். வலைஞர், நாற்றம், கலகம் எல்லாம் வந்தது. “கோலூன்றி நிற்கும் அந்த முடவி யார்?” என்று அவள் வாசித்தபோது சுவருக்கு வெளியே இருந்து ஒரு குரல்:

“ஏ பிள்ளே, தப்பாட்டு வாசிக்கியே.”

அம்மை. தலையில் கடவம், அதில் நெய்மீன்.

“ஆராக்கும் அது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மீன் கொண்டு வந்த அம்மையாக்கும் சார்” என்றார் சார்.

“எனக்க பிள்ளையும் இஞ்சதான் படிக்கா சாரே. அந்தப் பாடம் எனக்கு மனப்பாடமாக்கும். சொல்லட்டா?”

யாரும் சொல்லச் சொல்லவில்லை. அம்மை கடவத்தைச் சுவர்மேல் இறக்கி வைத்தாள். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். அலை, சங்கு, கட்டுமரம், மீன் விற்கும் அம்மாள், ஒரு கால் சிறிது, மற்றக் கால் பெரிது. கம்பு நாயை விரட்டுவதற்கு என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். பேரம் பேசலாகாது என்றதும் இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார்.

அவர் அந்தப் பெண்ணின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. சுவருக்கு மேலாக அம்மையின் கம்பைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

“இதுல அப்பிடி இல்லியேம்மா.”

“அது பழைய புக்கா இருக்கும் சாரே. எனக்க பிள்ளைக்க புக்குல உண்டு. இல்லேண்ணா அவ வேணும்ண்ணு மாத்தி வாசிச்சிருப்பா. எங்க பிள்ளையக் கண்டா மூக்கப் பொத்துதவளாக்கும் அவ.”

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. “நான் உள்ளதத்தான் வாசிச்சேன் சார்.”

புத்தகம் இன்ஸ்பெக்டர் கையில்தான் இருந்தது, அவர் அதை மூடினார். சார் குறுக்கே வந்து, “எடுக்காத பாடமாக்கும் சார். பிள்ளை தப்பா வாசிச்சிட்டா, போட்டு. நீ இரி” என்றார். எப்படியாவது அந்த நேரம் கடந்து போனால் போதும் என்று இரண்டு பெரியவர்களும் நினைத்தது எனக்குத் தெரிந்தது. அம்மையின் மனம் நோகக்கூடாது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவள், சரியாக வாசித்ததற்காகத் தப்பு என்று கேட்டுவிட்டு, டெஸ்கில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள்.

நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை.

“அவ வாசிச்சது சரியாக்கும்” என்றேன். “நான்தான் வீட்டுல மாத்தி வாசிச்சேன்.”

பள்ளிக்கூடத்தில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அம்மையைத்தான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கடவத்திலிருந்து மீனை எடுத்துச் சுவர்மேல் வாழையிலையில் வைத்தாள்.

“மீன் இஞ்ச இருக்கு சாரே. வெயில் படும் முன்ன எடுத்து வையுங்கோ.”

அப்புறம் கம்பின் ஓசை மட்டும் கேட்டது. நான் யாரையும் கேட்காமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வயல் நடுவே ஓடைக்கு ஒரு சிறு பாலம் உண்டு. அங்கே அவளைப் பிடித்தேன். அவள் பாலத்துக் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“இரி. இப்ப உள்ளதுபோல வாசி. ஒரு எழுத்தும் விடாண்டாம்.”

வாசித்தேன். அழுதுகொண்டேதான் வாசித்தேன். முடிந்தது. அம்மையின் கை நெற்றிக்குப் போகவில்லை.

“நாறும்ண்ணு எழுதியிருக்கான். செரி, மீனு நாறும். மல்லியப்பூவா விக்குதேன்” என்றாள். “குடிப்பாவண்ணு எழுதியிருக்கான். அதுக்கு ஒனக்க அப்பன்தான் பதில் சொல்லணும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

“ஒரு காசு இடுவோம்ண்ணானே, அது எதுக்கு? நான் ஆருகிட்டயாவது கை நீட்டினேனா?”

“இல்ல அம்மை.”

“இந்த புக்கு எத்தன வருஷமாட்டு ஓடுது?”

“தெரியாது. எனக்கு முந்தி ரெண்டு மூணு பேரு படிச்சதாக்கும்.”

அவள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ இதப் படிச்ச பிள்ளையதான் வளந்து இப்ப எனக்கிட்ட மீன் வாங்குதாவ. அதாக்கும் சில வீட்டுல காசக் கையில தராம மேலேருந்து போடுதாவ. நான் எனக்க காலு காரணம்ண்ணு நெனச்சேன். இந்த எழுத்தாக்கும் காரணம்.”

“இனி நான் பள்ளிக்கொடத்துக்குப் போகல்ல” என்றேன். அவள் சொல்லும் முன் நானே சொல்லிவிட்டால் வலி குறையும் என்று நினைத்தேன்.

“ஆரு சொன்னா?”

“நீ சொல்லுவியே.”

“வெளங்காதவளே. ஒனக்கு வாசிக்கத் தெரியல்லேண்ணா இப்பிடி ஒரு சாதனம் நம்மளப் பத்தி அச்சடிச்சு வச்சிருக்காவண்ணு எனக்கு எப்பிடித் தெரியும்? ஊரே சேந்து நம்மளப் பேசும், நாம சிலுவை போட்டுட்டு இருப்போம்.” கம்பை ஊன்றி எழுந்தாள். “அஞ்சும் படி. வாசிக்கத நேராட்டு வாசி. எனக்கு நோகுமேண்ணு மாத்தி வாசிக்காதே. நோகுதா இல்லியாண்ணு நான் பாத்துக்கிடுதேன்.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, திரும்பாமலே கேட்டாள்: “அந்த பேரம் காரியமும் நீ போட்டதுதானா?”

“ம்.”

“அது மட்டும் இருக்கட்டு.”

மறுநாள் பயந்து பயந்துதான் போனேன். சார் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் போகும்போது அந்தப் பாடத்தைப் பற்றி என்ன சொன்னார், ஏதாவது சொன்னாரா என்பது எனக்கு நேராகத் தெரியாது. மேலே எழுதுவேன் என்று சொன்னாராம், சாரின் மனைவி அம்மையிடம் சொன்னது. எழுதினாரோ இல்லையோ, அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அதே புத்தகம்தான் வந்தது. சார் மட்டும் பதினேழைத் தொடவில்லை. அன்றிலிருந்து அவர் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். முதலில் குரல் நடுங்கியது. பிறகு பழகிவிட்டது.

முன் பெஞ்சுக்காரி என்னோடு கூட்டு ஒன்றும் ஆகிவிடவில்லை. மூக்கைப் பொத்துவது நின்றது. ஒருநாள் தண்ணீர்ப் பானை பக்கத்தில் என்னிடம் வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

“ஏட்டி, அந்தக் கம்பு உள்ளதாட்டே நாய விரட்டவா?”

“ரெண்டுக்கும்” என்றேன்.

“எங்க வீட்டு நாய் ஒனக்க அம்மையக் கண்டா அந்தால ஓடுது. அதான் கேட்டேன்.”

நான் ஐந்து முடித்துக் கடவம் எடுத்தேன். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஒரு பெண்பிள்ளை அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் தூரம் போக வேண்டும், வீட்டில் அதற்கு வழி இல்லை. தங்கை என்னைவிட ஏழு வயது இளையவள். அவள் நாலாம் வகுப்புக்கு வந்தபோது மாநில எல்லை மாறி, மலையாள அரசை விட்டு நாங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்திருந்தோம். புத்தகமும் மாறிவிட்டது. புது அட்டை, புது மை வாசனை.

அம்மை அதைக் கையில் வாங்கினாள். ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அதுபோல ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். படம் பார்த்துத் திருப்தி வரவில்லை. என்னையும் தங்கையையும் உட்காரவைத்து, முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை இரண்டு சாயங்காலம் வாசிக்கச் சொன்னாள். ஒருத்தி வாசிக்கும்போது மற்றவள் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் மாற்றி வாசித்துவிடக்கூடாது அல்லவா.

கடற்கரை பற்றி அதில் ஒன்றும் இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் ஒரு கதையில் கண் தெரியாத ஒருவன் வந்தான். அவன் பிச்சை எடுப்பான், பிள்ளைகள் அவனைக் குழியில் தள்ளிவிட்டுச் சிரிப்பார்கள். கதையில் அது வேடிக்கை. எங்கள் கடற்கரையில் கண் தெரியாத ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுப்பார், அவருக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் உண்டு. அம்மை அந்தப் பாடத்தை இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“மத்ததெல்லாம் நல்ல புக்கு” என்றாள் தங்கையிடம். “இந்த ஒரு ஏடு கொள்ளாது. நாளைக்குப் போய் சாருகிட்ட சொல்லு.”

நானாக இருந்தால் வாசல்வரை போய்த் திரும்பி வந்திருப்பேன். தங்கை அப்படி இல்லை. மறுநாள் காலையில் வகுப்பு தொடங்கும் முன்பே சாரின் மேசைக்குப் போய், அந்த ஏட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்திருக்கிறாள்.

“சாரே, இந்த ஏடு கொள்ளாதுண்ணு அம்மை சொல்லிட்டு வரச்சொன்னா” என்றாளாம்.